பின்பக்கம் இறங்காத காரு

அந்த ஆளு என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. நேரா காருக்குப் பின்னாடி போயி, டிக்கி மேல ரெண்டு கையையும் ஊனி, ஒரு அமுக்கு அமுக்குனாரு. காரு அசையல. இன்னொரு அமுக்கு. அதுக்கும் அசையல.

நான் கண்ணாடியில பாத்துக்கிட்டே இருக்கேன். முந்தின நாள்தான் மெழுகு போட்டுத் தொடச்ச காரு. அந்தக் கையில என்ன மண்ணு ஒட்டியிருக்கோ, மோதிரம் கீதிரம் போட்டிருக்காரோன்னு ஜன்னல இறக்கித் தலைய வெளிய நீட்டுனேன்.

"அண்ணே, கைய எடுங்க! பெயிண்டு போயிரும்!"

"பின்னாடி என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"ஸ்பிரிங்குக்கு நடுவுல ரப்பர் வச்சிருக்கேன். தோட்டத்துப் பாதையில அடி தட்டுதுண்ணே."

"அடி தட்டுதாக்கும்..." அவரு இழுத்த இழுப்பே சரியில்ல. குனிஞ்சு சக்கரத்துக்கு மேல கைய விட்டுப் பாத்தாரு. "இந்த மலையில பின்பக்கத்தத் தூக்கிக் கட்டுன காரு என்ன சோலிக்கு ஓடும்னு உனக்குத் தெரியாதா?"

எனக்கு நெசமாவே தெரியாது. என் பக்கத்து சீட்டுல உக்காந்திருந்த என் தம்பி குமரேசு சிரிச்சான். "விடுக்கா. வாட்ச்மேன் புத்தி. நீ வண்டிய எடு."

அந்த வாட்ச்மேன் பேரு ஜெயபால். போடிமெட்டுக்கு மேல, செக்போஸ்ட்டத் தாண்டிக் கொஞ்ச தூரத்துல ஒரு பெரிய எஸ்டேட்டு இருக்கு. அந்த எஸ்டேட்டு வேலிய ஒட்டித்தான் எங்க சின்ன ஏலத்தோட்டத்துக்குப் பாதை. மழை விட்டு விட்டுப் பெய்யிற மாசம். ஓணத்துக்கு முன்னயா பின்னயான்னு இப்ப ஞாபகம் இல்ல. ஆனா அந்த ரெண்டு கை என் டிக்கி மேல பட்ட எடம் மட்டும் இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. வீட்டுக்குப் போயி டார்ச் அடிச்சுப் பாத்தேன். கீறல் இல்ல. இருந்தாலும் ஆறல.

எதுக்குத் தூக்கிக் கட்டுனேன்

போன வாரம் இந்தப் பத்தியில நான் காரு ஓட்டப் பழகுன கதைய எழுதுனதப் படிச்சுட்டு ஒருத்தர் போன்ல கேட்டாரு: "பொம்பளைக்கு எதுக்கும்மா இம்புட்டு காரு பைத்தியம்?" ஆம்பளைக்கு எதுக்கோ அதுக்குத்தான். வேற என்னத்தச் சொல்ல?

எங்க காரு கருநீலக் கலரு. நாலு கதவு, பின்னாடி தனி டிக்கி. தேனியில ஒரு டாக்டர்கிட்ட இருந்து ரெண்டாங்கையா வாங்குனது. டாக்டர் ஓட்டுன காருன்னா நல்லா இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு அப்பவே சந்தேகம். அவசரத்துக்கு ஓடுற ஆளு, ஆயில் மாத்த எங்க நேரம் இருந்திருக்கும்?

இது ஊருக்குள்ள ஓட்டுற காரு. எங்க தோட்டத்துப் பாதையோ ஜீப்பே மூச்சு வாங்குற பாதை. மொத வருசம் அடியில கல்லு தட்டுற ஒவ்வொரு தட்டும் என் நெஞ்செலும்புல தட்டுன மாதிரி இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, "ஒரு பழைய ஜீப்ப வாங்கிக்கிட்டு இந்தக் கார வீட்டுல வச்சுப் பூசை பண்ணு." அவரு ஸ்கூல் வாத்தியாரு. கிண்டல் பண்ணத் தெரியும், கியர் போடத் தெரியாது.

நான் ஒவ்வொண்ணா செஞ்சேன். எஞ்சினுக்கு அடியில இரும்புத் தகடு. சக்கரத்துக்குப் பின்னாடி நீளமா மட்கார்டு ரப்பர். மூடுபனிக்கு மஞ்ச லைட்டு, ஏன்னா மெட்டுல பனி இறங்குச்சுன்னா வெள்ளை லைட்டு நம்ம கண்ணுலயே திருப்பி அடிக்கும். கடைசியாத்தான் பின் ஸ்பிரிங்கு. போடியில எங்க மெக்கானிக் மாயாண்டி அண்ணன்தான் மாட்டிக் குடுத்தாரு. மாட்டுன பெறகு நாலு மூட்டை பச்சை ஏலக்காய வச்சாலும் பின்பக்கம் ஒரு விரக்கடை கூட இறங்கல. பெத்த பிள்ளை மொதல்ல நடந்தப்பக்கூட நான் அப்பிடிப் பூரிக்கல.

நெயில் பாலிஷ் பொட்டு

மாயாண்டி அண்ணன நான் நம்புறேன்னு நெனச்சுக்கிடாதீங்க. அவரு பட்டறையில ஒரு ஸ்டூலு இருக்கு. அது என் ஸ்டூலு. காரு உள்ள போயி வெளிய வர்ற வரைக்கும் நான் அதுலதான் உக்காந்திருப்பேன்.

அப்பிடியும் ஒண்ணுக்கு ரெண்டுக்கு எந்திரிக்கணும்ல? அதுக்குத்தான் நெயில் பாலிஷ். பேட்டரியில ஒரு பொட்டு. ஸ்டெப்னி டயர்ல ஒரு பொட்டு. ஆயில் பில்டர்ல ஒரு பொட்டு. பில்டர் மாத்திட்டேன்னு சொன்னா, குனிஞ்சு பாப்பேன். செவப்புப் பொட்டு அங்கேயே இருந்துச்சுன்னா அன்னைக்குப் பட்டறையில கச்சேரிதான்.

"ஏம்மா, என்னைய ஒரு தடவையாவது நம்பக் கூடாதா?"ன்னு அவரு கேப்பாரு.

"நம்புறேண்ணே. நம்பித்தான பொட்டு வைக்கிறேன்."

வாட்டர் வாஷ்ல மண்ணுத் துணியால தேய்ப்பாங்கன்னு நானே வீட்டுல இருந்து துணி கொண்டு போவேன். தேனியில ஒருத்தன், காருக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு பூசுறேன், அஞ்சு வருசத்துக்கு ஒரு தூசி ஒட்டாதுன்னான். "அஞ்சு வருசம் கழிச்சு நீ இதே கடையில இருப்பியா தம்பி?"ன்னு கேட்டேன். பய முழிச்சான். நான் மெழுகு டப்பாவோட திரும்பி வந்துட்டேன்.

மலையில இறங்குறப்ப வெளியூர்க்காரங்க பிரேக்க மிதிச்சுக்கிட்டே வர்றதப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். கொண்டை ஊசி வளைவுல பொகையோட நிப்பாங்க. கருகுன வாடை அடிக்கும். பக்கத்துல நின்னு செல்பி வேற. ரெண்டாவது கியர்ல விட்டா எஞ்சினே புடிச்சு இறக்கும். சொன்னா யாரு கேக்குறா? கதைக்கு வர்றேன்.

இழுக்க மாட்டேங்குது

அந்த சீசன்ல காரு இழுக்கல. தோட்டத்துல இருந்து காயை உலர்த்துற ஸ்டோருக்கு ஒரு ஏத்தம் உண்டு. எப்பவும் ரெண்டாவது கியர்ல பாட்டுக்குப் போற காரு, அன்னைக்கு மொணங்குது. மொதக் கியருக்கு வந்தேன். அடுத்த எடுப்புக்கு, அதாவது அடுத்த தடவை காய் பறிச்சப்ப, நல்லா இருந்துச்சு. அதுக்கு அடுத்த எடுப்புல மறுபடியும் மொணங்குது.

மொதச் சந்தேகம் பெட்ரோல் பங்க் மேல. வழக்கமா போடுற பங்க்க விட்டுட்டு வேற பங்க்குக்கு மாறுனேன். பங்க்குல நின்னவன் மூஞ்சியக்கூட ஒரு மாதிரியாப் பாத்தேன், பாவம். ரெண்டாவது சந்தேகம் மாயாண்டி அண்ணன் மேல. அவரு "கிளட்சு போயிருச்சும்மா, மாத்திருவோம்"னாரு. மாத்துறதுக்குன்னே சொல்றாருன்னு எனக்கு அவரு மேல சந்தேகம் ரெட்டிப்பாச்சு. மூணாவது எங்க வீட்டுக்காரரு. ஒருவேளை நான் இல்லாதப்ப எடுத்து ஓட்டிப் பழகுறாரோன்னு ஓடுன தூரத்தக் குறிச்சு வச்சுப் பாத்தேன். மனுசன் காரத் தொடவே இல்ல.

இப்ப நாங்க எப்பிடி வேலை பாப்போம்னு சொல்லணும். காய் எடுக்குற அன்னைக்கு விடியக்காலம் ஜீப்புல ராசிங்காபுரத்துல இருந்து ஆளுக வருவாங்க. அதுல மூத்தது சுருளியம்மா. வருசக்கணக்கா எங்க தோட்டத்துக்கு வர்றவ. சாயங்காலம் நான் மேல நின்னு ஒவ்வொருத்தர் எடுத்த காயையும் எடை போடுவேன். சுருளியம்மா மூட்டை கட்டும். ஆளுக தலைச்சுமையா கீழ பாதைக்குக் கொண்டு போவாங்க. கீழ காருகிட்ட நின்னு மூட்டைகள ஏத்துறது குமரேசு.

டிக்கி சாவிய நான் குடுக்குற ஒரே ஆளு அவன்தான். சிலமலையில அம்மா வீட்டுல இருக்கான். வயசுல எனக்கு ரொம்ப எளையவன். சின்னதுல அவன இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சவ நான். காருகிட்ட வர்றப்பவே பெல்ட்டக் கழட்டி வச்சிருவான், கொக்கி பெயிண்டுல படக்கூடாதுன்னு. நான் சொல்லிக் குடுக்கல, அவனாத்தான். அப்பிடி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும்?

ஸ்டோர்லயும் அவன்தான். மூட்டைய வாசல்ல இறக்கிட்டு நான் கார எடுத்துக்கிட்டு தூரமா, காத்துக்கு எதிர்ப்பக்கமா கொண்டுபோயி நிறுத்திருவேன். ஸ்டோர்ல வெறகு எரிக்கிறாங்க, பொகைக்கூண்டுல இருந்து கரி பறந்து வந்து காரு மேல படியும். எடை பாக்குறது, காய ஏத்துறது எல்லாம் குமரேசு பாத்துக்கிடுவான். நான் காருக்குள்ள உக்காந்து டேஷ்போர்டு தொடச்சுக்கிட்டிருப்பேன்.

ஸ்டோர் வாசல்

ஜெயபால் அண்ணன் என் டிக்கிய அமுக்கிப் பாத்தாருன்னேன்ல, அதுக்கு அடுத்த எடுப்பு. சாயங்காலம் காயோட ஸ்டோருக்குப் போறேன். ஸ்டோர் பாக்குற ஜோயி சேட்டன் கேட்டச் சாத்திக்கிட்டு வெளிய நிக்காரு. பக்கத்துல காய் கொண்டுவந்த ஏழெட்டு பேரு. எல்லார் கண்ணும் என் மேல இல்ல. என் காரோட பின்பக்கத்து மேல.

"சேச்சி, ஒண்ணும் நினைக்கண்டா. இன்னைக்கு உங்க காய் எடுக்கான் பற்றில்ல."

காய எடுத்துக்க முடியாதுன்னா? எனக்குப் புரியல. "ஏன் சேட்டா? எடமில்லயா?"

அவரு தயங்கித் தயங்கிச் சொன்னாரு. பக்கத்து எஸ்டேட்டுல ராவோட ராவா யாரோ காய் அறுத்துட்டுப் போயிட்டாங்களாம். இது மொதத் தடவை இல்லயாம். வாட்ச்மேன் எல்லா ஸ்டோருக்கும் போன் பண்ணிட்டாராம். பின்னாடி தூக்கிக் கட்டுன கருநீலக் காரு ஒண்ணு வரும், பாத்துக்கோங்கன்னு.

களவுக் காய் ஏத்துற காருக்குத்தான் அப்பிடிப் பின்பக்கம் தூக்கிக் கட்டுவாங்களாம். லோடு ஏறுனாலும் காரு இறங்காது. செக்போஸ்ட்டுல பாக்குறவனுக்கு வெறுங்காரு போற மாதிரியே தெரியும். இந்த மலையில வாட்ச்மேன் மொதல்ல பாக்குறது நம்பர் பிளேட்ட இல்ல, பின்சக்கரத்துக்கு மேல உள்ள இடைவெளியத்தான். மலையே அறிஞ்ச விசயம். எனக்கு மட்டும் தெரியல.

பச்சைக் காயப் பறிச்ச அன்னைக்கே சூட்டுல ஏத்தணும். சாக்குலயே கெடந்தா புழுங்கி, நெறம் மாறிப் போயிரும். நெறம் போன காய எந்த வியாபாரி தொடுவான்? மழையில தப்பிச்சுக் கெடச்ச நல்ல எடுப்பு அது ஒண்ணுதான். அதவிடப் பெருசு, இந்த ஸ்டோரு இன்னைக்கு என்னையத் திருப்பி அனுப்புச்சுன்னா நாளைக்கு மலையில எந்த ஸ்டோரும் கேட்டத் தெறக்காது. திருட்டுக் காருக்காரின்னு பேரு நின்னுரும். அதுக்கப்பறம் தோட்டத்த வச்சு நான் என்ன செய்ய?

குமரேசு என் கையப் புடிச்சு இழுத்தான். "வாக்கா, வேற ஸ்டோருக்குப் போவோம். இவன்கிட்ட என்ன பேச்சு?"

"எதுக்குடா போகணும்? நான் என்ன களவாணியா?"

"இருட்டிரும்க்கா, வெரசா வா."

"இருடா!" நான் கையை உதறிட்டேன். "சேட்டா, சந்தேகம்னா கொட்டிப் பாருங்க. எல்லா மூட்டையையும் இங்கேயே, இவங்க முன்னாடியே கொட்டுங்க. என் காய் எப்பிடி இருக்கும்னு ஊரே பாக்கட்டும்."

கடைசி மூட்டை

காய்க்குப் பேரு எழுதியிருக்குமான்னு கேப்பீங்க. எழுதியிருக்காது. ஆனா எடுத்த கை தெரியும். நம்ம ஆளுக வெளஞ்ச காயாப் பாத்து ஒவ்வொண்ணாக் கிள்ளி எடுப்பாங்க, பிஞ்ச விட்டுட்டு. களவு எடுக்குறவனுக்கு ஏது நேரம்? சரத்தோட அறுத்துச் சாக்குல திணிப்பான். காம்பும் பூவும் பிஞ்சும் கலந்து கெடக்கும்.

தார்ப்பாய் விரிச்சாங்க. டிக்கிய நானே தெறந்தேன். மொத மூட்டை. உருட்டி விட்ட மாதிரி சுத்தமான காய். சுத்தி நின்னவங்க குனிஞ்சு அள்ளிப் பாத்தாங்க. "நல்ல காயாணல்லோ"ன்னு ஒருத்தர் சொன்னாரு. ரெண்டாவது மூட்டை, மூணாவது மூட்டை, அதே மாதிரி. எனக்கு நெஞ்சு நிமிந்துருச்சு. ஜோயி சேட்டன் மொகத்துல வருத்தம். "மதி, மதி. போதும் சேச்சி, மன்னிக்கணும்"னாரு.

"போதாது சேட்டா. எல்லாத்தையும் பாருங்க"ன்னேன் நான். என் வாயி சும்மா இருக்காதுல்ல?

உள்ளே கடைசியில, பின்சீட்டுப் பக்கமா ஒட்டி இன்னும் ரெண்டு மூட்டை இருந்துச்சு. ஒண்ணு எங்க சாக்கு. இன்னொண்ண இழுக்கிறப்பவே கனம் வேற மாதிரி இருந்துச்சு. கட்டு அவுத்துக் கவுத்தேன்.

சரம் சரமா விழுந்துச்சு. அறுத்த காம்பு, பச்சைப் பூவு, மொளகு அளவு பிஞ்சு.

நான் அந்தக் குவியலையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். மொணங்குன ஏத்தம், பங்க்குக்காரன் மூஞ்சி, கிளட்சு எல்லாம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வந்து நிக்குது. காரு மொணங்குனது இந்தக் கூடுதல் கனத்துக்குத்தான்; பின்பக்கம் இறங்காததால எனக்குத் தெரியல. ஜோயி சேட்டன் மெதுவாக் கேட்டாரு: "போன தவணையும் உங்க தம்பி தனியா ஒரு சாக்கு தந்தல்லோ? பாட்டத்துக்கு எடுத்த தோட்டத்துக் காய்னு பறஞ்ஞு. சேச்சிக்கு அறியில்லே?"

குத்தகைக்கு எடுத்த தோட்டம்னு எதுவும் அவன்கிட்ட இல்ல. நான் திரும்பிக் குமரேசுவப் பாத்தேன். அவன் என்னையப் பாக்கல.

அப்பப் பாத்து பைக்கு சத்தம். ஜெயபால் அண்ணன் வந்துட்டாரு. குவியலப் பாத்தாரு. கையில எடுத்து மோந்து பாத்தாரு. என்னையப் பாத்த பார்வையில கோவம் கூட இல்ல, ஒரு மாதிரி அலுப்பு.

குமரேசு என் காதுகிட்ட வந்தான். "அக்கா, சுருளியம்மாதான மூட்டை கட்டுச்சு. அதுதான் வச்சிருக்கும்னு சொல்லுக்கா. அதுக்கென்ன, வேற தோட்டத்துக்குப் போயிரும். ரெண்டு மூணு தடவைதான்க்கா. இனிமே செய்ய மாட்டேன். அம்மா மேல சத்தியம்."

எனக்கு அவன அறையணும்னு கை வந்துச்சு. அறையல. இடுப்புல சுமந்த பிள்ளை. அவனுக்குப் போலீசு, கேசுன்னு ஆச்சுன்னா அம்மா தாங்குமா? சுருளியம்மா பேரச் சொன்னா அந்த நிமிசமே எல்லாம் முடிஞ்சிரும். இங்க நிக்கிற எல்லாரும் நம்பவும் செய்வாங்க. கூலிக்கு வர்ற பொம்பளை மேல சந்தேகப்படுறதுக்கு இந்த மலையில யாருக்கும் ஒரு காரணமும் வேண்டாம். நானே நேத்து வரைக்கும் அப்பிடித்தான் இருந்தேன். மூட்டைய எடை போடுறப்ப அவ மடியக் கூட ஒரு கண்ணு பாத்துக்கிட்டுதான் இருப்பேன்.

"யாரும்மா வச்சது?" ஜெயபால் அண்ணன் கேட்டாரு.

"என் தம்பி"ன்னேன்.

சத்தமாத்தான் சொன்னேன். எல்லாருக்கும் கேட்டுச்சு. குமரேசு "அக்கா!"ன்னான். ஜெயபால் அண்ணன் அவன பைக்குல ஏத்திக்கிட்டு எஸ்டேட்டு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அந்தச் சாக்கையும் ஒருத்தர் எடுத்துக்கிட்டுப் போனாரு. ஜோயி சேட்டன் கேட்டத் தெறந்து, எங்க காய ஒவ்வொரு மூட்டையா உள்ள எடுத்துக்கிட்டாரு. எடை போடுறப்ப நான் பக்கத்துலயே நின்னேன். காரு கூண்டுக்கு நேர்கீழ நின்னுச்சு. கரி விழுந்துக்கிட்டே இருந்துச்சு.

தனியா மெட்டு இறங்கி வந்தேன். எஸ்டேட்டுக்காரங்க போலீசுக்குப் போகல. மலைப்பக்கம் இனிமே கால் வைக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டு விட்டுட்டாங்கன்னு பெறகுதான் தெரிஞ்சுச்சு. அது தெரியாமலே வீட்டு வாசல்ல காருக்குள்ள உக்காந்திருக்கேன், சிலமலையில இருந்து அம்மா போன்.

"ஏன் ஆத்தா, கூடப் பொறந்தவன நாலு பேரு முன்னால காட்டிக் குடுத்துட்டியே. ஒனக்கு மனசு வந்துச்சா?"

நான் போன அடுத்த காதுக்கு மாத்துனேன்.

"ஊரு ஒலகத்துல ஒருத்தர விடாம எல்லாரையும் சந்தேகப்படுவியே. அவன் மேலயும் சந்தேகம் இருந்துச்சுன்னா மொதல்லயே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் கண்டிச்சிருப்பேன்ல?"

"இல்லம்மா. அவன் ஒருத்தன் மேலதான் எனக்குச் சந்தேகமே வரல."

சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு. அந்தப் பக்கம் அம்மாவும் அழுதுச்சு. ரெண்டு பேரும் போன வைக்கல.